ஸ்டோர்ச் சத்தம்

சின்ன வயசில் பதுளையிலிருந்து வாப்பாவோடு தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோகையில், தேயிலை ஸ்டோர் கண்ணில் படுமுன்பே அதன் சத்தம் வந்துவிடும்: கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடி இரைச்சல், ரோலரின் உறுமல், சல்லடையின் தடதடப்பு.

இப்படியான சத்தத்தைக் கலையாக்கியவர்கள் இருக்கிறார்கள். 1922 நவம்பர் 7இல் அர்செனி அவ்ராமோவ் பாகு நகரில் ஆலைச் சங்கு, கப்பல் ஊதல், பீரங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஊரையே வாத்தியமாக்கினார். 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் எஞ்சின் ஓசைகளை இசைத்தட்டில் பதிந்து, துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒன்றோடொன்று கோத்தார். ஒரே துண்டைப் பலமுறை கேட்டால் ‘இது ரயில்’ என்ற நினைப்பு கழன்று, தாளமும் தொனியுமே காதில் நிற்கும். சூட்சுமம் அவ்வளவுதான்.

நான் கேட்டு வளர்ந்த ஸ்டோர் இப்போது மூடிக் கிடக்கிறது. அதன் சத்தத்தை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதனால், இன்னும் ஓடுகிற வேறொரு ஸ்டோரில் அனுமதி கேட்டு, ரோலருக்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்தேன். வேலையில் நின்ற அக்கா சிரித்தார். “இந்தச் சத்தத்துல எங்களுக்குக் காதே மந்தமாப் போச்சு நானா. நீங்க இத வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய கேள்வியும் பதிவில் இருக்கிறது, ரோலர் சத்தத்துக்கு அடியில், பாதி கேட்டும் கேட்காமலும். எங்கட வீட்டில் போட்டுக் கேட்டபோது அதை வெட்ட மனம் வரவில்லை.