கரைசல் கடைசியில் வரட்டும்: சிறு விவசாயிக்குச் செலவு குறையும் வரிசை

இயற்கை விவசாயத்துக்கு மாறலாம் என்று முடிவெடுக்கும் சிறு விவசாயி முதலில் வாங்குவது பெரும்பாலும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு எல்லாம் கரைத்து ஜீவாமிர்தம் தயார் செய்கிறார். பாசன நீரோடு கலந்து வயலுக்கு விடுகிறார். அந்தப் போகமே யூரியாவை அடியோடு நிறுத்தியும் விடுகிறார். ஒரு மாதத்தில் பயிர் வெளிறுகிறது, தூர் கட்டுவது குறைகிறது, அறுவடையில் மூட்டைகள் பாதிக்குப் பாதி விழுகின்றன. அடுத்த போகம் மறுபடி உரக்கடை வாசலில் நிற்கிறார். 'இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது' என்ற பேச்சு ஊருக்குள் பரவிவிடுகிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. விளைபொருளின் விலை இவர் கையில் இல்லை. மழையும் இல்லை. இவர் கையில் இருப்பது செலவு ஒன்றுதான். அதைக் குறைக்க உதவும் முறைகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன, பல பத்தாண்டுகளாக வயலில் சோதித்துப் பார்த்தவை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறினால் நல்ல முறையும் கைவிட்டுவிடும்.

டிரம்முக்குள் எவ்வளவு சத்து?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது சுமார் 20 கிலோ.

இனி ஜீவாமிர்தத்துக்கு வருவோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் கரைக்கிறோம். ஈரச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தைத் தாண்டாது; 10 கிலோவில் 50 கிராம். கோமியத்தையும் மாவையும் சேர்த்தாலும் மொத்தம் கால் கிலோவுக்குள்தான் நிற்கும். ஒரு போகத்தில் எட்டு முறை விட்டாலும் இரண்டு கிலோ.

அப்படியென்றால் ஜீவாமிர்தம் வீணா? இல்லை. அதன் வேலை வேறு. மண்ணில் நுண்ணுயிர்களைப் பெருக்கி, மட்கு வேலையை முடுக்கிவிடுவதற்காகச் செய்வது அது. ஆனால் மட்குவதற்கு மண்ணில் தழையும் தண்டும் இருக்க வேண்டுமே. அது இல்லாத நிலத்தில் கரைசலை மட்டும் விடுவது, அரிசி பருப்பு இல்லாத அடுப்படியில் சமையற்காரரைக் கொண்டுவந்து நிறுத்துவது போலத்தான். மண்வள அட்டையில் கரிமச் சத்து அரை சதவீதத்துக்குக் கீழே என்று இருந்தால், முதல் வேலை மண்ணுக்குத் தீனி சேர்ப்பது.

முதல் வேலை: மண்ணுக்குப் பசுந்தாள்

காசு அதிகம் இல்லாமல் தழைச்சத்தை நிலத்திலேயே உண்டாக்கும் வழி பசுந்தாள் உரம். நெல் வயலுக்குத் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 முதல் 50 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். நன்றாக வந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ தழைச்சத்தைக் கொடுத்துவிடும். யூரியா கணக்கில் ஒரு மூட்டைக்கும் மேல். பூ முற்றிவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்க நாளாகும்; அதனால் நாள் தவறக் கூடாது. உழுது ஒரு வாரம் மட்கவிட்டு நடவு செய்யலாம்.

தண்ணீர் தேங்கும் வயலுக்குத் தக்கைப்பூண்டும் மணிலா அகத்தியும் தாங்கும். மேட்டு நிலத்துக்குச் சணப்பை. மாடு அவ்வளவாக வாய் வைக்காது என்பதால், காவல் போட முடியாத தரிசுக்குக் கொளுஞ்சி நல்லது. தோட்டக்கால் நிலத்தில் பலதானிய விதைப்பு உண்டு: சோளம், கம்பு போன்ற தானியங்கள், பயறு வகைகள், எள், ஆமணக்கு போன்ற எண்ணெய் வித்துகள், பசுந்தாள் பயிர்கள் எல்லாவற்றையும் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுதுவிடுவது. வேளாண்மைக் கல்வி படித்து, அரசுப் பண்ணை வேலையை விட்டு விலகிய கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து விவசாயிகளிடம் கொண்டு சேர்த்த முறைகளில் இதுவும் ஒன்று.

பசுந்தாள் வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வகம் வேண்டாம். 35 நாள் பயிரில் ஒரு செடியை மண்வெட்டியால் கொத்தி, வேர் அறுபடாமல் தூக்குங்கள். மண்ணை நீரில் அலசினால் வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த முறை விதைக்கும் முன் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைத்தால் குறை தீரும். வரப்போரம் ஒரு வரிசையை மட்டும் உழாமல் முற்றவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதையும் வீட்டிலேயே ஆயிற்று.

இரண்டாவது: மண்ணை மூடுங்கள்

வெயிலில் வெறும் மண் கிடந்தால் ஈரம் போகும், களை வரும், சேர்த்த கரிமமும் கரையும். கரும்புச் சோகையை எரிக்கும் வழக்கம் இன்னும் விடவில்லை. ஒரு ஏக்கர் கரும்பில் 3 டன் சோகையாவது தேறும். கட்டைப் பயிரில் ஒரு சால் விட்டு ஒரு சால் அதைப் பரப்பினால் களை எடுக்கும் கூலியும் மிச்சம், ஒரு தண்ணீர் கட்டும் வேலையும் மிச்சம். தென்னந்தோப்பில் மட்டையும் உரிமட்டையும், காய்கறிப் பாத்தியில் வைக்கோலும் உமியும் இதே வேலையைச் செய்யும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சோகை, வைக்கோல் போன்ற காய்ந்த பொருளை உழுது மண்ணுக்குள் தள்ளிவிட்டு உடனே விதைத்தால் பயிர் மஞ்சளடிக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதுதான் காரணம். மேலே பரப்பி வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது. பச்சைத் தழை மண்ணுக்குள், காய்ந்த சருகு மண்ணுக்கு மேல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: விதையில் மிச்சம்

வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதைநெல் செலவாகிறது. திருந்திய நெல் சாகுபடியில் 3 கிலோ போதும். 1980-களில் மடகாஸ்கரில் ஆன்றி தெ லாலானி என்ற பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை இது. 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். கோனோவீடரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிக் களையை மண்ணிலேயே அமுக்கிவிட வேண்டும். வயல் லேசாக வெடிப்பு காணும்போது தண்ணீர் கட்டினால் போதும். கயிறு பிடித்து நட ஆள் பழக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிரமம். அதனால் முதல் ஆண்டு அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குத்துக்கு ஒரு நாற்று என்றால் அந்த ஒன்று திடமானதாக இருக்க வேண்டும். வீட்டு விதையைத் தரம் பிரிக்கக் கல்லுப்பும் ஒரு முட்டையும் போதும். ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் புது முட்டையைப் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். சுமார் ஒன்றரைக் கிலோ கரைந்தபோது முட்டை மேலெழும்பி, அதன் ஓடு பழைய நாலணாக் காசு அகலத்துக்கு நீருக்கு மேலே தெரியும். இப்போது விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும். அதை வடித்துக் கோழிக்குப் போடலாம். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உப்புப் போக அலசி ஊறவைக்க வேண்டும்.

வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த ஆண்டு ஒரே மாதிரி வராது. சொந்த விதை வேண்டுமென்றால் நாட்டு ரகமோ சாதாரண உயர் விளைச்சல் ரகமோதான் வழி. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்களில் 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கிச் சென்றவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தந்தார். அப்படியே 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டும் வயலேறின. விதைக்குப் பணம் தேவைப்படாத ஓர் ஏற்பாட்டை விவசாயிகளே நடத்திக் காட்டிய சாதனை அது.

நான்காவது: பூச்சிக்கு வரப்பிலேயே காவல்

மருந்துக் கடைக்குப் போகும் செலவில் பெரும்பகுதியை விதைக்கும்போதே தடுக்கலாம். நெல் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் பொறிவண்டும் சிலந்தியும் அங்கே தங்கும். வயலில் பூச்சி ஏறும்போது இவை இறங்கி வேலை செய்யும். நிலக்கடலையைச் சுற்றி ஆமணக்கு இருந்தால் புகையிலைப் புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் அகன்ற இலையில் குவியலாக முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் அங்கேயே தீர்ந்தன. தக்காளிக்கு நடுவே துலுக்கச் சாமந்தி வைத்தால் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி பூவைத் தேடிப் போகும். காலி எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கவிழ்த்து வைத்தால் வெள்ளை ஈயும் அசுவினியும் வந்து ஒட்டும்.

இத்தனைக்கும் மிஞ்சிப் பூச்சி வந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். ஆடி, ஆவணியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். வெயில் பட்டால் இதன் வீரியம் போய்விடும். சாயங்காலம் அடிப்பதே சரி.

ஐந்தாவதாகக் கரைசல்

இந்த நான்கும் நடந்த நிலத்தில் ஜீவாமிர்தம் விட்டால் பலன் தெரியும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பயிருக்கு ஏற்றபடி வகுத்துப் பரப்பிய பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்ற அளவில் இலைவழியாகத் தெளிக்கலாம். பயிரின் வளர்ச்சியைத் தூண்டுவது இதன் வேலை. எருவுக்கு மாற்றாக இதை நினைத்துவிடக் கூடாது. மாடு இல்லாதவர் சாணத்தையும் கோமியத்தையும் விலைக்கு வாங்கிக் கரைசல் போட்டால் செலவு குறையாது, இடம் மாறும், அவ்வளவுதான். அவருக்குப் பசுந்தாளும் மூடாக்குமே போதுமான தொடக்கம்.

காய்கறிப் பாத்திக்கும் இதே வரிசை

கொல்லையில் ஐந்து சென்ட் இருந்தாலும் முறை மாறாது. கை எட்டும் 3 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, நடைபாதையில் மட்டும் கால் வையுங்கள். மிதிபடாத மண் இறுகாது, திரும்பத் திரும்பக் கொத்த வேண்டியதில்லை. காய்கறிக் கழிவையும் சருகையும் அடுக்கடுக்காகக் குழியில் போட்டு மட்கவையுங்கள். சுரை, பீர்க்கு, பாகல் குழிகளின் நடுவே பூச்சுப் பூசாத ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், கசிவிலேயே வேர் குடித்துக்கொள்ளும். கோடையிலும் தினமும் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும்.

ஒரே நாளில் வேண்டாம்

2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. பசுந்தாள் விதையோ மட்கு எருவோ தேவையான அளவில் கையில் இல்லாத நிலையில் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. நாட்டுக்கு நேர்ந்ததே ஒரு ஏக்கர்காரருக்கும் நேரும். அவரிடம் தாங்கிக்கொள்ளக் கையிருப்பும் கிடையாது.

அதனால் முதல் போகத்தில் நிலத்தில் நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். மீதி நிலத்தில் யூரியாவுக்கு 5 பங்குக்கு 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு நாள் வைத்துப் போட்டால் சத்து மெதுவாக இறங்கும். இலை வண்ண அட்டையை நெல் இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் மேலுரம் இடலாம். மண்ணில் கரிமம் ஏற ஏற யூரியாவின் அளவைப் படிப்படியாக இறக்கலாம். வரவு செலவு நோட்டில் உங்கள் குடும்பத்தாரின் உழைப்பையும் கூலியாக எழுதுங்கள். இல்லத்தரசி விடியற்காலையில் சாணம் கரைக்கும் வேலைக்கும் விலை உண்டு. அதை எழுதாத கணக்கில் எந்த முறையும் மலிவாகத்தான் தெரியும்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. பசுந்தாள் விதையை மானியத்தில் கொடுக்கத் தமிழ்நாட்டில் திட்டம் இருக்கிறது. அந்த விதை கோடை மழைக்கு முன்பே கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேளாண் விரிவாக்க மையத்துக்கும் வந்துசேர வேண்டும். நடவுக்கு நாள் குறித்த பிறகு வரும் தக்கைப்பூண்டு விதையால் யாருக்கும் பயனில்லை. கோனோவீடர் ஒவ்வொரு ஊராட்சியிலும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். உரத்துக்கு ஆண்டுதோறும் கோடி கோடியாக மானியம் கொடுக்கும் நாட்டில், மண்ணைத் தேற்ற ஒரு சிறு விவசாயி ஒதுக்கும் அந்த 50 நாளுக்கும் ஒரு தொகை கொடுப்பது நியாயமானது. அது கிடைத்தால் டிரம் வாங்கித் தோற்றுத் திரும்பியவர்கள்கூட, இந்த முறை மண்ணிலிருந்து தொடங்கி ஜெயிப்பார்கள்.