மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

நள்ளிரவு பன்னிரண்டரை மணி. துபாயிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டாரை உறக்கத்திலிருந்து எழுப்பிற்று. "அக்கா, எதிர்வீட்டில் அப்பாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்கள். அவருடைய இதயத்துடிப்பு வரவில்லை" என்று தழுதழுத்த குரலில் கூறினார் ஒரு மகன். அவ்வம்மையார் கையில் டார்ச் விளக்குடன் ஓடிக் கதவைத் தட்டினார். பல முறை தட்டிய பின்னர்க் கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு நின்ற பெரியவர், "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று கேட்டார். அம்மையாருக்குப் பேச்சே எழவில்லை.

இத்தனை கலவரத்துக்கும் காரணமாயிருந்தது பெரியவரின் இடக்கை மணிக்கட்டில் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு பட்டை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவியை இழந்தவர், இதயக் குழாயில் அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்றவர், தனியே வாழ்பவர். விடுமுறையில் வந்த மகன், தந்தையின் உடல்நிலையைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கலாம் என்னும் நல்லெண்ணத்தோடு அப்பட்டையை வாங்கி வந்து, தம் கைப்பேசியோடு அதனை இணைத்தார். அவர் வீட்டில் தங்கியிருந்த பத்து நாள்களும் தந்தையின் நடை, உறக்கம், நாடித்துடிப்பு யாவும் அவருடைய கைப்பேசியில் வரிசையாக வந்து விழுந்தன. துபாய் சென்று இறங்கிய இரவு, ஆவலோடு அதனைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

கருவி பழுதாகவில்லை. மகன் மீதும் குற்றமில்லை. கைப்பட்டைக்கும் கைப்பேசிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே. இத்தகைய பட்டைகள் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் புகுந்துவிட்டன. ஆதலின் அவ்வுறவைச் சற்று விளக்கிக் கூறுவது குடும்பத்தினருக்குப் பயன் தரும் என எண்ணுகிறேன்.

பட்டை செய்யும் வேலை

இப்பட்டையை ஒரு கணக்குப்பிள்ளைக்கு ஒப்பிடலாம். அதற்கு வேலை இரண்டு: உற்று நோக்குவதும் குறித்து வைப்பதும். அதனுள் இருக்கும் நுண்ணிய முடுக்கமானி, கையின் அசைவை மூன்று திசைகளிலும் அளந்து, நடைக்குரிய ஒழுங்கான அசைவைக் கண்டு அடிகளை எண்ணுகிறது. பட்டையின் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளியோ நாடியை அறிவதற்கானது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் குருதி பெருகி, உடனே குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே துடிப்பின் எண்ணிக்கை கணிக்கப்படுகிறது.

குறித்து வைத்த கணக்கைப் பிறருக்குக் காட்டப் பட்டைக்குத் தானாக வழியில்லை. பெரும்பாலான பட்டைகளில் இணையத் தொடர்பு கிடையாது. அருகிலுள்ள கைப்பேசியிடம் கணக்கை ஒப்படைப்பதோடு அவற்றின் கடமை முடிந்தது. அதனை இணையத்தின் வழியாக வெளியுலகுக்குக் கொண்டு செல்வது கைப்பேசியே. பட்டைக்கும் கைப்பேசிக்கும் இடையே தூது செல்வது புளூடூத் என்னும் வானொலி அலை. இல்லங்களில் அது ஏறக்குறைய பத்து மீட்டர் தொலைவுக்குத்தான் நம்பிக்கையாக எட்டும். தடித்த சுவர்கள் குறுக்கிட்டால் அதுவும் குறையும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுவிட்ட கைப்பேசியை அது எவ்வாறு எட்டும்?

ஒரு மன்னரின் பெயர்

புளூடூத் என்றால் நீலப்பல் என்று பொருள். இவ்விந்தைப் பெயருக்கு உரியவர் பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னர். அந்நாட்டின் ஜெல்லிங் என்னும் ஊரில் அவர் நாட்டிய பெருங்கல் ஒன்று இன்றும் நிற்கிறது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தம் ஆட்சிக்குள் கொணர்ந்து, டேனிய மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவர் இவர் என்று அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கிறிஸ்துவின் திருவுருவமும் அதன் ஒரு பக்கத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே 1994-இல்தான் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள், கம்பியின்றிக் கருவிகளை இணைக்கும் முயற்சியைத் தொடங்கினர். பின்னர் வேறு நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் என்பவர், பிரிந்து கிடந்தவற்றை ஒன்றுபடுத்திய மன்னரின் பெயரைத் தற்காலிகமாகச் சூட்டலாம் என்றார். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. 1998-இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் இதற்கெனக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. நம் கைப்பேசியில் காணும் அந்த நீலச் சின்னம், ஹரால்டின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இரண்டையும் வடநாட்டாரின் பழைய ரூன் எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதே ஆகும்.

2010-இல் வெளியான நான்காம் பதிப்பில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. சிறு மின்கலத்தைக் கொண்டு ஒரு பட்டை பல நாள்கள் உழைப்பது அதனால்தான்.

இணைக்கும் முறை

இணைப்பு என்பது வெறும் தொடர்பு அன்று. அஃது ஓர் உடன்படிக்கை. இணையாத பட்டை, "நான் இங்கிருக்கிறேன்" என்று சிறு சிறு குறிப்புகளை அலைகளில் விட்டுக்கொண்டேயிருக்கும். கைப்பேசி அதனைக் கேட்டுப் பதிலளிக்கும். பின்னர் இரண்டும் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சந்திக்கும்போது அத்திறவுகோலே அடையாளமாகும். ஆகவேதான் ஒவ்வொரு நாளும் புதிதாக இணைக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டுவன இவை. முதலாவதாகப் பட்டையை முழுமையாக மின்னேற்றம் செய்க. இரண்டாவதாக, பட்டையின் பெட்டியில் குறிப்பிட்டுள்ள செயலியை, கைப்பேசிக்கு உரிய பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்க. மூன்றாவதாக, கைப்பேசியில் புளூடூத்தை இயக்கி, பட்டையை அதன் அருகே வைத்து, செயலியின் உள்ளே சென்று இணைக்க வேண்டும். பலர் கைப்பேசியின் அமைப்புப் பகுதியிலுள்ள புளூடூத் பட்டியலிலேயே இணைத்துவிட்டுக் கணக்கு வரவில்லையே என்று வருந்துகின்றனர். செயலியின் வழியாக இணைத்தால்தான் கணக்கு ஒழுங்காக வந்து சேரும்.

நான்காவதாக, பட்டையில் தோன்றும் எண்ணும் கைப்பேசியில் தோன்றும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். சில பட்டைகளில் எண் தோன்றாது. பட்டை அதிரும்போது அதனைத் தொட்டால் போதும். ஐந்தாவதாக வயது, உயரம், எடை ஆகியவற்றை உள்ளபடியே எழுதுக. நடந்த தொலைவும் செலவான ஆற்றலும் இவற்றைக் கொண்டே கணிக்கப்படுகின்றன.

இருப்பிடத்தை அறிய அனுமதி தருக என்று செயலி கேட்கும்போது சிலர் அஞ்சுவர். 2021-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12-க்கு முந்திய கைப்பேசிகள் பலவற்றில், அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே அவ்வனுமதி தேவைப்படுகிறது. அருகில் என்னென்ன கருவிகள் உள்ளன என்பதைக்கொண்டு ஒருவர் இருக்குமிடத்தை ஊகித்துவிடலாம் என்பதே அதற்குக் காரணம். மேலும், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுக் கைப்பேசி சில வேளை இச்செயலியை உறங்க வைத்துவிடும். அமைப்புப் பகுதியில் அதற்கு விலக்கு அளிக்காவிடில் இணைப்பு இடையிடையே அறுந்துபோகும்.

முதலில் அவிழ்க்க வேண்டும்

நம் தலைமையாசிரியரின் கதைக்கு வருவோம். உண்மை விளங்கியதும், தந்தைக்கென்றே ஒரு கைப்பேசி வாங்க மகன் ஏற்பாடு செய்தார். கல்லூரியில் பயிலும் எதிர்வீட்டுப் பெண் அதனைப் பட்டையோடு இணைக்க முயன்றாள். ஒரு மணி நேரம் முயன்றும் பட்டை இணங்கவில்லை. அஃது இன்னமும் துபாயிலிருந்த கைப்பேசிக்கே உடன்பட்டிருந்தது. சில பட்டைகள் முதலில் இணைந்த கணக்கை விட்டு வேறொன்றுக்குத் தாமாக மாறா.

"அண்ணா, உங்கள் செயலியில் பட்டையை நீக்கிவிடுங்கள்" என்றாள் அப்பெண். மகன் தயங்கினார். தந்தையின் அந்தப் பத்து நாள் கணக்கு அதில் இருந்தது. அவ்விணைப்பை நீக்குவது தந்தையின் கையையே விட்டுவிடுவது போல் அவருக்குத் தோன்றிற்று. ஆயினும் அங்கே அவிழ்த்தால்தான் இங்கே கட்ட முடியும். அவர் நீக்கினார். ஐந்தே நிமிடத்தில் புதிய கைப்பேசியில் தந்தையின் நாடித்துடிப்பு தோன்றியது. பின்னர்ச் செயலியிலிருந்த குடும்பப் பகிர்வு வசதியின் வாயிலாக அதனை மகனும் காணலானார்.

பழைய பட்டையைப் பிறருக்குக் கொடுப்போரும் புதிய கைப்பேசிக்கு மாறுவோரும் இதனை நினைவிற் கொள்வது நலம். பழைய செயலியிலும், பழைய கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலும் பட்டையை நீக்கிய பின்னரே புதிய இணைப்பைத் தொடங்க வேண்டும்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கணக்குப்பிள்ளையும் சில வேளை பிழையாக எழுதுவதுண்டு. நாம் அமர்ந்தபடி கையை வீசிப் பேசினால் அதனையும் நடையாக எண்ணிவிடக்கூடும். சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாலோ, கை அசையாமையால் நடந்த அடிகள் விடுபடக்கூடும். பட்டை தளர்ந்திருந்தால் நாடிக் கணக்குத் தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, இறுக்கமின்றிப் படியுமாறு கட்டுவதே முறை.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தேயாக வேண்டும் என்று பலர் தம்மை வருத்திக்கொள்கின்றனர். இவ்வெண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்த அடிமானிக்கு இட்ட பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடிமானி' என்பது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரியாக 72 வயதுடைய 16,000-க்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு 2,700 அடி அளவில் நடந்தோரைவிட 4,400 அடி அளவில் நடந்தோரிடையே இறப்பு குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அந்நன்மை மேலும் வளரவில்லை. நம் வீட்டு முதியோர் ஆறுதல் கொள்ளத்தக்க செய்தி இது.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. பட்டை மருத்துவரன்று. நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவை தோன்றினால், பட்டை காட்டும் எண் 72 ஆக இருப்பினும் அதனைப் பார்த்துக் காலம் தாழ்த்தலாகாது. மாரடைப்பின்போதும் நாடி எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். தமிழகத்தில் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

யார் பார்க்கலாம்?

கைப்பேசிக்குச் செல்லும் கணக்கு அங்கேயே தங்குவதில்லை. பெரும்பாலும் நிறுவனத்தின் கணினிக்கும் செல்கிறது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், தன் பயனர்கள் ஓடிய, நடந்த பாதைகளையெல்லாம் ஓர் உலகப் படமாக வெளியிட்டது. ஆப்கானிஸ்தானத்திலும் சிரியாவிலும் இருந்த இராணுவ முகாம்களின் அமைப்பு அப்படத்தில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்ததை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கண்டு கூறினார். வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய ஓட்டமே அவர்களுடைய முகாமைக் காட்டிக்கொடுத்தது. ஆதலின் செயலியின் பகிர்வுப் பகுதியைத் திறந்து, யார் யார் காணலாம் என்பதை நாமே வரையறுத்தல் வேண்டும். முதியோருக்குப் பட்டை கட்டும் பிள்ளைகள், அவர்களுடைய உறக்கத்தையும் நடமாட்டத்தையும் தாம் காணப்போவதை முன்கூட்டியே சொல்லி அவர்களது இசைவைப் பெறுவதே பண்பாகும்.

இறுதியாக ஒன்று. புதிய இணைப்பு செவ்வனே நடந்துவந்தது. மகன் நாள்தோறும் இரவில் தந்தையின் கணக்கைப் பார்த்தார். எண்கள் நன்றாகவே இருந்தன. முன்பெல்லாம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பேசிவந்தவர், நாளடைவில் வாரம் ஒருமுறையாக்கினார்; பிறகு அதுவும் குறைந்தது. ஒரு நாள் மாலை பெரியவர் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்றிரவே தொலைபேசி ஒலித்தது.

"அப்பா, துடிப்பு வரவில்லையே! பட்டை கழன்றுவிட்டதா?"

"நானே கழற்றி வைத்தேன் தம்பி. எண் நன்றாயிருந்தால் நீ பேசுவதில்லையே" என்றார் அவர்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். இப்போது பெரியவர் பட்டையை ஒழுங்காகவே கட்டிக்கொள்கிறார். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மட்டும் அதனைக் கழற்றி மின்னேற்றத்தில் இடுகிறார். அந்நேரத்தில் மகனின் அழைப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும்.