கல்நார்த் தூசியும் கிராமவாசிகளும்

எம். புதுப்பட்டி, சிவகாசிப் பக்கங்களில் பட்டாசு விபத்து நேர்ந்தால் ஓசை ஊரெல்லாம் கேட்கிறது. மாண்டோர் இத்தனை பேர் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதுகின்றன. சர்க்கார் நஷ்டஈடு அறிவிக்கிறார்கள். ஆனால் ஓசையின்றிக் கொல்லும் பொருள் ஒன்றும் நம் கிராமங்களில் உண்டு. அதனால் மாள்வோரைக் கணக்கெடுப்பாரில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரே அது.

ஏழைகளின் வீட்டுக் கூரைகளிலும் கிட்டங்கிகளிலும் காணும் சாம்பல் நிறத் தகடுகளில் சிமெண்டுடன் இந்நார் கலந்திருக்கிறது. தகடு பழுதுறாதவரை நார் பெரும்பாலும் அதனுள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தாலும் உடைத்தாலும் வெடியில் சிதறினாலும் கண்ணுக்குப் புலனாகாத தூசியாகிச் சுவாசப்பையில் தங்கிவிடும். சுவாசப்பையிலும் அதைச் சூழ்ந்த சவ்விலும் அது புற்றுநோயை விளைவிக்கிறது. எல்லா வகைக் கல்நாரும் இத்தன்மையதே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. நோய் வெளிப்பட 20 முதல் 40 வருஷங்கள் செல்வதால் காரணம் மறந்துபோகிறது. விதியென்று சொல்லி அடக்கம் செய்கிறோம்.

இஃது ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் உரிய அபாயமென்று எண்ணுவோர் ஜார்க்கண்டு மாகாணத்து ரோரோ மலையை நோக்குக. அங்கிருந்த கல்நார்ச் சுரங்கம் 1983-இல் மூடப்பட்டது. கழிவோ மலைச்சரிவிலேயே விடப்பட்டது. மழை அதனை வயல்களுக்கு அடித்து வந்தது. குழந்தைகள் அதன்மீது விளையாடினர்.

கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவை, வேலையில் சேர்ந்தது முதல் 40 வருஷமோ, வேலை நீங்கியபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டுமென 1995-இல் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டனர். நன்று. ஆனால் அப்பதிவு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. கூரை வேய்பவனுக்கும், உடைந்த தகட்டைப் பெருக்கி அள்ளும் பெண்ணுக்கும், ரோரோவின் உழவனுக்கும் பதிவேடு எங்கே?

அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் கல்நாரை விலக்கிவிட்டன. நம் சர்க்காரோ 1993-இல் சுரங்கக் குத்தகைகளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து அதனை இறக்குமதி செய்ய அனுமதிக்கிறார்கள். நம் மண்ணில் தோண்டத் தகாத நஞ்சு அந்நியக் கப்பலில் வந்தால் அமுதமாகுமோ?

கிராம ஊழியம் புரிவோர் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பழந்தகட்டை உலர்ந்தபடி அறுக்கலாகாது. நீரால் நனைத்து, உடையாமல் இறக்குதல் வேண்டும். துண்டுகளைக் கொண்டு பாதைக் குழிகளை நிரப்பலாகாது. ஏழைகளுக்கு வேறு கூரை மலிவாய்க் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. சுவாசப்பை நோயுடன் ஆஸ்பத்திரிக்கு வருவோரின் ஊரையும் தொழிலையும் வீட்டுக் கூரையையும் விசாரித்து எழுதிவைக்குமாறு இன்றே வற்புறுத்துவோம். கணக்கில் ஏறாத மரணத்துக்குப் பரிகாரம் தேட எந்தச் சர்க்காரும் தாமாக முன்வருவதில்லை.