உஷார்! மூன்று புதையலுக்கும் முடிச்சுப் போடுகிறவன் வருவான்

“வெளியே சொல்லாதீங்க, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் கதவைச் சாத்துங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

சாத்தூர், சிவகாசிப் பக்கம் பொன் கதைக்குப் பஞ்சமே இல்லை. சதுரகிரியில் காலாங்கிநாதர் பொன்னாக்கும் தைலத்தைக் கிணற்றில் மூடிவைத்தார் என்பார்கள். பாஞ்சாலங்குறிச்சி விழுமுன் கட்டபொம்மன் ஆட்கள் பொன்னை எங்கோ புதைத்தார்கள் என்பார்கள். வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கி, தங்க அணிகலன் கிடைத்த சேதி வந்ததும் மூன்றாவது கதையும் முளைத்துவிட்டது. டீக்கடையில் பேசுகிறவரை குற்றமில்லை. பேசட்டும்.

இந்த மூன்றும் ஒன்றுதான் என்று ஒருவன் சொல்வான் பாருங்கள், அவன்தான் ஆபத்து! சதுரகிரிப் பக்கத்துத் தண்ணீர் அர்ஜுனா நதியில் வருகிறது. வெம்பக்கோட்டைத் தண்ணீர் வைப்பாற்றில் வருகிறது. இரண்டும் கூடுகிற இடம் இருக்கன்குடி. அதனால் பொன்னும் அங்கேதான் கூடுமாம்! கேட்கும்போது புல்லரிக்கும். காசு கைமாறுவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மானத்தோடு பிழைக்கிறவர்கள். கணவன் மனைவி இருவருக்கும் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளி முடிந்து ஆலை லீவு, கையில் போனஸ். வந்தவன் “அண்ணாச்சி, மதினி” என்று வாய் நிறையக் கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு பழங்காசை எடுத்தான். “நீங்களே கொண்டுபோய் உரசிப் பாருங்க.” உரசினார்கள். சுத்தத் தங்கம்!

அடுத்து வந்தது வரைபடம். ஓரம் கருகிய தாள், டீத்தண்ணி நிறத்தில் கறை, மூன்று ஊரையும் சேர்த்து இழுத்த சிவப்புக் கோடு. பூசைச் செலவுக்கு போனஸ் போனது. தாலிச் செயின் அடகுக்குப் போனது. மகளிர் குழுக் கடனும் போனது. கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு சாக்குப் பித்தளை மணி. “நம்ம அம்மனே மண்ணுக்குள்ள இருந்து வந்தவதானக்கா, பொன்னு வராதான்னு நம்பிட்டோம்” என்று அந்தப் பெண் அழுதாள். சாணி பொறுக்கப் போனவளின் கூடை தூக்க முடியாமல் கனத்து, இருக்கன்குடியில் மாரியம்மன் வெளிப்பட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த பக்தியைத்தான் அவன் தூண்டிலில் மாட்டினான், பாவி.

சரி, கதைகளுக்குள் தொடர்பு உண்டா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். 1801-ல் கும்பினிப் படை கோட்டையையே தரைமட்டமாக்கியது. பொன் இருந்திருந்தால் வெள்ளைக்காரன் நமக்கென்று விட்டுவிட்டா போயிருப்பான்? வெம்பக்கோட்டை மேட்டில் கிடைத்தவை அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை: சங்கு வளையல், பாசிமணி, ஆட்டக்காய். தங்கமும் உண்டு, கிராம் கணக்கில். அங்கே வாழ்ந்தவர்கள் போட்டிருந்த நகை அது, சுரங்கத்துப் பொன் இல்லை. சித்தர் கதைக்கோ தேதியே கிடையாது. இதில் எதை எதோடு முடிவது?

ஒத்துப்போவது சரக்கு அல்ல, கதை கட்டுகிற விதம். பாம்புக் காவல், அமாவாசை இரவு, பார்த்தவன் செத்தான், ஒரு வரைபடம். அமெரிக்காவில் அரிசோனா மலையில் ‘டச்சுக்காரன் சுரங்கம்’ என்று இதே கதை ஓடுகிறது. வரைபடத்தை நம்பி 1931-ல் போன அடால்ஃப் ரூத் என்பவருடைய மண்டையோடுதான் கிடைத்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? 2021-ல் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில், புதையலுக்காக வீட்டிலேயே தோண்டிய குழியில் விஷவாயு தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள். ஆழக் குழியிலும் பாழுங்கிணற்றிலும் மூச்சுவிடக் காற்று இருக்காது. மயங்கியவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். நம் ஊரில் இன்னொரு பயமும் உண்டு. “நமக்குத் தெரியாத வெடிமருந்தா?” என்று பாறையைத் தகர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். கை போகும், உயிர் போகும், பிழைத்தால் ஜெயில்!

இந்தப் பேச்சுகள் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். “பலி கேட்குது.” “வீட்டுக்காரரிடம் சொல்லாதீங்க.” “இன்னும் ஒரே ஒரு பூசைதான்.” கூடவே இரிடியம் கலசம் என்று வாயெடுத்தால், சந்தேகமே வேண்டாம், மோசடிதான். உரசப் போகிற காசும் பிறகு கைக்கு வருகிற சரக்கும் ஒன்றாக இருக்காது. முதல் காசு மட்டும்தான் தங்கம்!

நிஜமாகவே ஏர் முனையில் ஏதாவது தட்டினாலும் ஒளிக்காதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சதுரகிரிக் காட்டில் மண்வெட்டியோடு திரிவது அதைவிட மோசம், 2021 முதல் அது புலிகள் காப்பகம்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? “புதையல் தேடினியான்னு போலீஸ் நம்மளையே பிடிக்கும்” என்று அவன் மிரட்டியிருப்பான். அந்த மிரட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930-க்கு அடியுங்கள். கையில் கொடுத்திருந்தால், அந்தப் பித்தளைச் சாக்கையும் அடகுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.