ரூ.6,240 பிடிக்க மறந்தால் ரூ.56,160 செலவு! ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் சறுக்கும் டி.டி.எஸ் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, வெட்டிய துணியை வாங்கிச் சென்று தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்கள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் வேலைகளை ஜாப் ஒர்க்காக எடுப்பவர்கள் எனப் பலருக்கும் அன்றுதான் கணக்குத் தீர்ப்பார்கள். பிரச்னை தொடங்குவதும் அந்த சனிக்கிழமைக் கணக்கில்தான்.

ஒரு சிறிய பனியன் கம்பெனி, தையல் யூனிட் வைத்திருக்கும் ஒருவருக்கு வாரம் ரூ.12,000 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'சின்னத் தொகைதானே, இதற்கெல்லாம் எதற்கு வரிப் பிடித்தம்?' என்று முதலாளி நினைப்பார். ஆனால், சட்டத்தின் கணக்கு வேறு.

எப்போது பிடிக்க வேண்டும்?

ஒப்பந்ததாரருக்கு ஒரே தடவையில் ரூ.30,000-க்கு மேல் கொடுத்தாலோ, ஒரு நிதியாண்டில் மொத்தமாக ரூ.1 லட்சத்தைத் தாண்டினாலோ டி.டி.எஸ் பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம். பார்ட்னர்ஷிப் நிறுவனம், கம்பெனிகளுக்கு 2 சதவீதம். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 194சி பிரிவாக இருந்த இந்த விதி, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் 393-வது பிரிவுக்குள் வருகிறது.

பணம் கொடுப்பவர் தனிநபராக இருந்தால், முந்தைய ஆண்டில் தொழிலின் விற்றுமுதல் ரூ.1 கோடியைத் தாண்டியிருந்தால் மட்டுமே இந்தப் பொறுப்பு. பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இந்த விலக்கு கிடையாது.

ஒன்பதாவது சனிக்கிழமை

வாரம் ரூ.12,000 என்றால் ஒன்பதாவது வாரத்தில் மொத்தம் ரூ.1,08,000 ஆகிவிடும். அன்று பிடிக்க வேண்டியது அந்த வாரத்துக்கான 120 ரூபாய் அல்ல. முழுத் தொகைக்கும் சேர்த்து ரூ.1,080. தையல்காரர் கைக்கு ரூ.10,920 மட்டுமே போகும். ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய நாளில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் சண்டை வராமல் இருக்குமா? ஆண்டு முழுக்க வேலை கொடுக்கப்போவது தெரிந்தால், முதல் வாரத்திலிருந்தே 120 ரூபாய் பிடித்துவிடுவது இருவருக்கும் நல்லது.

மறந்தால் என்ன ஆகும்?

52 வாரங்களுக்கு மொத்தம் ரூ.6,24,000. பிடிக்க வேண்டிய டி.டி.எஸ் ரூ.6,240. இதைப் பிடிக்காமல் விட்டால், கூலிச் செலவில் 30 சதவீதத்தை, அதாவது ரூ.1,87,200-ஐ அந்த ஆண்டின் செலவாக ஏற்க மாட்டார்கள். அது லாபமாகவே கணக்கிடப்படும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு கூடுதல் வரி ரூ.56,160, செஸ் தனி.

பிடிக்காத தொகைக்கு மாதம் 1 சதவீதம், பிடித்தும் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் 1.5 சதவீதம் வட்டி. காலாண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம். இந்தக் கட்டணம் டி.டி.எஸ் தொகையைத் தாண்டாது என்பது மட்டுமே ஆறுதல்.

பான் இல்லையா? 20 சதவீதம்!

வேலை செய்பவர் பான் எண் தராவிட்டால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். வாரம் 12,000 ரூபாயில் ரூ.2,400! ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்த பான் கார்டுக்கும் இதே கதிதான். பில் கணவர் பெயரில், பணம் போவது மனைவியின் வங்கிக் கணக்குக்கு என்று இருந்தாலும் குழப்பம் வரும். பில், பான், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும்.

அது யாருடைய பணம்?

பிடிக்கும் 1 சதவீதம் முதலாளியின் பணமல்ல. வேலை செய்தவர் முன்கூட்டியே கட்டும் வரி. வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், சரியான பான் எண்ணில் முதலாளி கணக்குக் காட்டியிருந்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். எண் தவறினால் நஷ்டம் தையல்காரருக்கு.

ஏற்கெனவே மறந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வேலை செய்தவர் அந்த வருமானத்தைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து, உரிய வரியையும் கட்டியிருந்தால், ஆடிட்டர் சான்றிதழுடன் அதை நிரூபிக்கலாம். அப்போது வட்டி மட்டும் கட்டினால் போதும்.

செய்ய வேண்டியவை

* முதல் துணிக் கட்டைக் கொடுக்கும் முன்பே பான் நகலை வாங்கிவிடுங்கள்.

* டி.டி.எஸ் பிடிப்பவர்களுக்கான டான் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

* பிடித்த தொகையை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டுங்கள். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம்.

* காலாண்டுக் கணக்குக்குக் கடைசித் தேதிகள்: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31.

* தாக்கல் செய்ததும் டி.டி.எஸ் சான்றிதழை வேலை செய்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். 'பிடித்த காசு எங்கே போச்சு?' என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில்.