‘மாடிக்கு வாங்க சார், கோபுரம் தெரியும்!’

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கைவினைப் பொருள் கடைக்காரர்கள் வெளியூர்க்காரர்களை இப்படித்தான் அழைப்பார்கள். காசு கிடையாது. மொட்டைமாடியில் நின்று கோபுரங்களைப் படமெடுக்கலாம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்துவிட்டதால், படம் வேண்டுமென்றால் மாடிதான் வசதி.

இறங்கும் படிக்கட்டு நேராகக் கடைக்குள் கொண்டுவிடும்! பொருள் வாங்கினால் அழைத்துவந்த ஆட்டோக்காரருக்கோ கைடுக்கோ கமிஷன். ஆள் அனுப்பியவருக்கு ஒரு பங்கு கொடுப்பதில் தப்பில்லை. அந்தப் பங்கை வாங்குபவர் தலையில் கட்டும்போதுதான் வினை. இரண்டு தெரு தள்ளி அதே பொம்மையைப் பாதி விலைக்குப் பார்த்தவர், அப்புறம் நல்ல கடையைக் காட்டினாலும் நம்பமாட்டார். ஒருவர் செய்ததற்கு ஊரே பழி சுமக்கிறது.

புதுமண்டபத் தையற்காரர்களின் தொழில் வேறு ரகம். (அந்தக் கடைகளில் பல இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) காலையில் மாதிரிக்குச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனால், மாலையில் அதே அளவில் புதுச்சட்டை தயார். இடைப்பட்ட நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக்காட்டி, சொன்ன நேரத்துக்குக் கூட்டிவருவது ஆட்டோக்காரர் பொறுப்பு. ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்குக் காஜா எடுக்காத சட்டையைக் கொடுத்தால், இருவர் பெயரும் சேர்ந்தே கெடும்.

சித்திரைத் திருவிழாவில் அறை நிரம்பிவிட்டால், வந்தவரைத் திருப்பியனுப்பாமல் பக்கத்து லாட்ஜுக்குப் போன் போடுவதும் இந்தக் கணக்குதான். அழகர் மலைக்குத் திரும்பி, கூட்டம் வடிந்த பிறகு, இவருடைய காலி அறைக்கு அவர் ஆள் அனுப்புவார்.