பதிப்பு என்றால் என்ன?

வட்டக்கோட்டைக் கரையின் கருமணலில் நடந்தால் நம் பாதம் பதிகிறது. ‘பதிப்பு’ என்ற சொல்லும் அந்தப் ‘பதி’ என்னும் வினையில் பிறந்ததே. பனையோலையில் எழுத்தாணி கொண்டு ஒவ்வொரு படியாக எழுதிய காலம் போய், மை தடவிய அச்செழுத்துகளைத் தாளில் பதித்துப் பல படிகள் எடுக்கும் காலம் வந்தது. ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் இவ்வாறே அச்சாயிற்று. நூலைத் திருத்தி வெளியிட்டால் அது ‘இரண்டாம் பதிப்பு’. திருத்தாமல் மீண்டும் அச்சிட்டால் ‘மறு அச்சு’.

நம் ஆண்டு மலருக்கோ இரண்டாம் பதிப்பு இல்லை. சென்ற ஆண்டு ‘அருள்’ என்பதை ‘இருள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். எல்லாப் படிகளிலும் இருளே நின்றது! மணலில் பதிந்ததை அலை அழித்துவிடும். தாளில் பதிந்ததை யார் அழிப்பார்? ஆகவே தோழியரே, இருமுறை படித்துப் பார்த்தே எழுதிக் கொடுப்போம்.